பிழை காட்டாத படம்

போரின் கடைசிக் கிழமைகளில் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கதிரையில் இருந்தால் எழும்பத் தோன்றும், எழும்பினால் எங்கே போவதென்று தெரியாது. கடல்கடந்து வந்து குடியேறிய வைலேயில் நானும் அம்மாவும் மட்டும்தான். அண்ணை, அம்மாவின் ஒரே ஆண்பிள்ளை, வன்னிக்குள் அகப்பட்டிருந்தார். கடைசியாக முள்ளிவாய்க்காலில் இருந்து யாருடைய போனிலோ எடுத்து, "பயப்பிடாதேங்கோ" என்றார். அதோடு லைன் அறுந்துவிட்டது. உயிரோடு வெளியே வந்தாரா இல்லையா என்பதைத் தவிர வீட்டில் எங்களுக்கு வேறு பேச்சு கிடையாது.

எனக்கு ஃபியோர்டு என்ற கடற்கழியின் தண்ணீரை அளக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை. உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு என்ற எண்களைக் கொடுத்தால் கோடும் புள்ளியுமாகக் கீறித் தரும் லைப்ரரி என்ற நிரல் தொகுப்பு ஒன்று கணினியில் இருந்தது. அதை வைத்தே வீட்டில் வன்னியின் படமும் கீறத் தொடங்கினேன். இங்குள்ள மற்ற ஊர்களான கோல்டிங்கில் இருந்தும் ரண்டர்ஸில் இருந்தும் சனங்கள் போன் எடுத்து, தங்கடை ஆக்கள் கடைசியாக எங்கே நின்றார்கள் என்று சொல்லுவார்கள். ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. வெளியே முகாமுக்கு வந்துவிட்டவர் பச்சை, உள்ளே நிற்பவர் சிவப்பு. அம்மாவுக்கு எழுத்தெல்லாம் தேவையில்லை. கரையோரத்தில் அண்ணையின் புள்ளி எதுவென்று கண்ணை மூடிக்கொண்டும் காட்டுவார். அது சிவப்பு.

அந்த நேரம் பார்த்துத்தான் அலுவலகத்தில் லைப்ரரியைப் புதிய பதிப்புக்கு மாற்றச் சொன்னார்கள். ஒரு சனிக்கிழமை காலை என் மடிக்கணினியில் மாற்றினேன். கோதாரி, ஒன்றும் ஓடவில்லை! நேற்றுவரை இருந்த கட்டளை இன்று இல்லையாம். இருந்த இன்னொன்றுக்குப் பெயரை மாற்றிவிட்டார்களாம். திரை முழுக்கப் பிழைச் செய்தி. ஆனால் பொய் சொல்லக்கூடாது, அந்தப் பிழைகள் எனக்கு ஆறுதலாக இருந்தன. எந்தக் கோப்பில் எந்த வரி என்று சொல்லும். எது எதைக் கூப்பிட்டது என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போனால் காரணம் அகப்படும். வன்னியில் என்ன நடக்கிறதென்று கேட்டால் யாரிடம் அப்படியொரு பதில் இருந்தது?

ஒவ்வொன்றாகத் திருத்தினேன். கடைசியில் வன்னிப் படத்தின் நிரலையும் ஓட்டினேன். ஒரு முறைப்பாடும் இல்லாமல் ஓடியது. அப்பாடா என்று, படம் திறப்பதைக்கூடப் பார்க்காமல் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு கணினியில் பழைய பதிப்பு இன்னும் இருந்தது. அலுவலகப் படங்களைப் பழையதும் புதியதுமாகப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது சாட்டு. வீட்டில் இருந்தால் விசர் பிடிக்கும் என்பதுதான் உண்மை.

ஒப்பிட்டதில் ஒரு வித்தியாசம் தெரிந்தது. நிறம் சொல்லாவிட்டால் லைப்ரரியே ஒரு வரிசையில் நிறம் கொடுக்கும். அந்த வரிசையைப் புதிய பதிப்பில் தலைகீழாக்கிவிட்டார்கள், புண்ணியவான்கள். உப்பின் கோடு சூட்டின் நிறத்தில் நின்றது. நிறம் மாறினால் குடியா முழுகிப்போகும் என்று நினைத்துக்கொண்டு திருத்தத் தொடங்கினேன்.

அப்போது கைபேசி அடித்தது. டொரொண்டோவில் இருந்து சின்னம்மா, அம்மாவின் தங்கச்சி. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று விளங்கவில்லை.

"பிள்ளை, கொண்ணை வந்திட்டானாம்! முகாமிலை நிக்கிறானாம்!"

"ஆர் சொன்னது?"

"பாரிசிலை இருந்து உன்ரை மச்சாள் சொன்னவள். நம்பிக்கையான கதை பிள்ளை, உறுதிப்படுத்தித்தான் சொல்லுறாள்."

யாருமில்லாத அலுவலகத்தில் நான் வாய்விட்டுக் கத்தி அழுதேன். வீட்டுக்கு எடுத்தேன், அம்மாவின் போன் ஓயாமல் பிஸி. மச்சாளுக்கு எடுத்தேன்.

"ஓம், உண்மைதான். கோல்டிங் மாமி சொன்னவ."

கோல்டிங் மாமிக்கு எடுத்தேன். அவர் சிரித்தார்.

"என்னைக் கேக்கிறாய்? கொம்மாதானே முதலிலை எனக்குச் சொன்னவ. பச்சையாம் எண்டு சொல்லிச் சொல்லி அழுதவ."

பச்சை. சைக்கிளை எடுத்தேன். வழியெல்லாம், இல்லை, அம்மாவுக்கு வேறு யாராவது சொல்லியிருப்பார்கள், முகாமில் இருந்து யாராவது எடுத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மிதித்தேன்.

அம்மா மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தியிருந்தார். அடுப்பில் பாயாசம். நான் திறந்தபடி விட்டுப்போன கணினியை மேசைக்கு நடுவில், சாமான்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, வைத்திருந்தார்.

"இவ்வளவு பெரிய கதையை எனக்குச் சொல்லாமல் ஓடிட்டாய், என்ன? நானாப் பாத்துத்தான் அறிய வேணுமோ?"

"அம்மா, உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஆர் சொல்ல வேணும்? நீ கீறின படம். அவன் பச்சை."

படத்தைப் பார்த்தேன். நிறத்தை நான் சொல்லாமல் லைப்ரரியிடமே விட்டிருந்த படம். முகாமுக்கு வந்தவர்கள் எல்லோரும் சிவப்பு, கரையில் நின்றவர்கள் எல்லோரும் பச்சை. அம்மா ஒரே ஒரு புள்ளியைத்தான் பார்த்திருக்கிறார். ஒரு பிழைச் செய்தி, ஒரேயொரு வரி வந்திருந்தால் போதும். அந்தச் சனியன் வாயே திறக்கவில்லை.

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. புதிய பதிப்பு, நிற வரிசை என்று ஏதேதோ உளறினேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நிறங்களைப் பெயர் சொல்லி எழுதித் திரும்ப ஓட்டினேன். அண்ணை சிவப்பானார். அம்மா எழும்பிப்போய் அடுப்பை நிப்பாட்டினார். அண்ணையைப் பற்றி உண்மையான செய்தி அன்றும் வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

"எல்லாருக்கும் நானே எடுத்துச் சொல்லுறன்" என்றேன்.

"வேண்டாம். நான் சொன்னது, நானே சொல்லுறன்."

முதலில் சின்னம்மாவுக்கு எடுத்தார். "அது பிழையாம் தங்கச்சி, பிள்ளையின்ரை கொம்பியூட்டரிலை ஏதோ பிழையாம்" என்றார். மறுபக்கத்தில் சின்னம்மா விடாமல் கதைப்பது எனக்கும் இரைச்சலாகக் கேட்டது. "ஓம்... ஓம்..." என்று மட்டும் அம்மா சொன்னார். முகம் மெல்ல மெல்ல இளகியது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவள் சொல்லுறாள், உன்ரை கொம்பியூட்டர் பிழையா இருக்கலாமாம், ஆனால் தனக்குப் பாரிசிலை இருந்து வேறை கதை வந்ததாம். அவன் வந்திட்டானாம். நிச்சயமாம்."

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல! "ஐயோ அம்மா, அது நீங்கள் சொன்ன கதைதான்! பாரிசைச் சுத்தி உங்களிட்டையே திரும்பி வந்திருக்கு!"

"எனக்குத் தெரியும்" என்றார் அம்மா. "வேறை ஒரு ஆள் சொல்லக் கேக்க நல்லாக் கிடந்தது."