அரளி நின்ன கேனு

முகத்துவாரம் மண்ணு மூடிப் போயி, ஏரித் தண்ணி சூடாயி, மீனெல்லாம் வயித்தக் காட்டிக்கினு மெதந்துச்சே, அந்த வருசம் இல்ல, அதுக்கு அடுத்த வருசம். மிசின் வச்சி வாய வெட்டி வுட்டாங்க. கடல் தண்ணி உள்ள வந்து எறா கொஞ்சம் கொஞ்சமா பட ஆரம்பிச்ச நேரம். எனக்கு வருசக் கணக்கு தெரியாது, எழுத்தும் தெரியாது, நீதான் எழுதிக்கணும். ஒண்ண இன்னொண்ணுல கட்டி வச்சித்தான் ஞாபகம் வச்சிக்கிறது.

என் பையன் அதுக்கு முன்னாடியே போய்ட்டான். ஏரில ஒண்ணும் இல்லன்னு கடலுக்குப் போனான். கரைய தாண்டறதுக்குள்ள அலையில படகு கவுந்துடுச்சி. ரெண்டாம் நாளு ஒதுங்குனான். என் பொண்டாட்டி அதப் பாக்கல, அவ எப்பவோ போய்ச் சேந்துட்டா. வூட்ல நானும் மருமவளும்தான். புள்ள குட்டி இல்ல. அவ அம்மா வூடு சுண்ணாம்புக்குளம். போன்னு நான் சொல்லல, போறேன்னு அவளும் சொல்லல.

துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பெனில கூட்டித் தொடைக்கிற வேலைக்குப் போனா. காலைல வேன் வந்து ஏத்திக்கினு போவும். அங்க உள்ள நொழையிற எடத்துல பெரிய ஜாடில பூ வைப்பாங்களாம். தெனம் தண்ணி மாத்தறது, தண்ட வெட்டறது இவ வேல. அத கத்துக்கினு வந்து வூட்ல ஆரம்பிச்சா.

ஜாடிக்கு எங்க போறது. ஊறுகா பாட்டிலு, கைப்புடி ஒடஞ்ச மக்கு, ஓட்ட அடச்ச சொம்பு, பாதியா அறுத்த எண்ண கேனு. அடியில ஈயக்குண்டு போடுவா, வலைக்கு கட்டுவோமே அது. இல்லன்னா எங்க ஊரு காத்துக்கு பாட்டிலு நிக்காது. கிழிஞ்ச வலைய சுருட்டி டப்பா வாயில அடச்சி, ஒரு கண்ணுக்கு ஒரு தண்டுன்னு சொருவுவா. தண்டு சாயாது. நான் சின்ன வயசுலேர்ந்து வல கட்டுறவன், வலைக்கு இப்பிடி ஒரு வேல இருக்குன்னு எனக்குத் தோணுனதே இல்ல.

"ஏம்மா, கட்டி சாமிக்காச்சும் போடலாமில்ல"ன்னு ஒரு நாளு கேட்டேன்.

"கட்டுனா தலைக்கு வைக்கத் தோணும் மாமா"ன்னா.

பக்கத்து வூடு என் தம்பி வூடு. தம்பி பொண்டாட்டி வாயி சும்மா இருக்காது. "தலைக்கு இல்லாத பூவு டப்பாவுக்கு இன்னாத்துக்குடி?"ன்னா.

"டப்பாவுக்கு புருசன் சாவலையே சின்னத்த"ன்னுட்டு இவ தண்ட வெட்டிக்கினே இருந்தா.

தம்பி விழுந்து விழுந்து சிரிச்சான். அவனுக்கு மட்டும் அது புடிச்சிருந்துச்சி. காட்டூர் பக்கம் மீனு விக்கப் போனா சாமந்தி ஒரு கை புடுங்கிக்கினு வருவான். "எங்க வூட்ல குடிக்க ஒரு சொம்பு உருப்படியா இல்ல, இங்க பூவுக்கு ஆறு இருக்குது பாரு"ன்னு கிண்டல் பண்ணிக்கினே குடுப்பான். ஒரு நாளு செவ்வரளிக் கிளைங்கள ஒடிச்சிக்கினு வந்ததும் அவன்தான்.

அரளி நீளக் கிளை. எந்த பாட்டில்லயும் நிக்கல. அவ தேடிப் பாத்துட்டு என் பையன் கேன எடுத்தா. கடலுக்குப் போறப்ப அவன் தண்ணி எடுத்துக்கினு போற வெள்ளக் கேனு. கைய அறுக்குதுன்னு புடில நைலான் கயிறு சுத்தி வச்சிருந்தான். அவன் செத்த அன்னிக்கி அத வூட்டுலயே மறந்துட்டுப் போனான். அதுக்கு வாயி சின்னது, கிளை நேரா நின்னுச்சி. கேனு கழுத்துல ஒரு செவப்புத் துணி கட்டி மூலைல வச்சா. எனக்கு வயிறு எரிஞ்சிச்சி. படகுல இருக்க வேண்டிய சாமான்.

எங்க ஏரில பாடுன்னு ஒண்ணு இருக்குது. இந்த எடத்துல இன்னிக்கி இன்னார்தான் வல போடணும்னு முற. நம்ம நாள வுட்டா அடுத்த முற வர்ற வரைக்கும் கைய கட்டிக்கினு ஒக்காரணும். அரளி வச்சி மூணாம் நாளு எங்க பாடு. காலைல வேனுக்குப் போறதுக்கு முன்னாடி அவ சொன்னா: "மாமா, உங்களுக்கு பாட்டில்ல தண்ணி புடிச்சி வச்சிருக்கேன். அந்த கேன எடுக்காதீங்க. அரளி நின்ன தண்ணி ஆவாதுன்னு கம்பெனில சொல்றாங்க."

"உம்"ன்னேன்.

பகல்ல சாப்ட்டு கெளம்பறேன். வெளியில தம்பி கத்தறான், "ண்ணா, நேரமாச்சி." பாட்டிலு கையில இருக்குது. கேனு கண்ணுல பட்டுச்சி. என்னமோ வந்துச்சி எனக்கு, கோவமோ என்னமோ. கிளையெல்லாம் புடுங்கி வெளிய போட்டேன். செவப்புத் துணிய அவுத்தேன். பாட்டில்ல இருந்த தண்ணிய கேன்ல ஊத்தி எடுத்துக்கினு போனேன்.

உள்ள பாதி கேனு பழைய தண்ணி இருந்துச்சி. அத கீழ ஊத்தல. ஏன் ஊத்தலன்னு இன்னி வரைக்கும் என்னயே கேட்டுக்கினு இருக்கேன். எங்க பக்கம் கெணறு தோண்டுனா உப்பு. நல்ல தண்ணி லாரில வரும், கொடத்துக்கு அடிச்சிக்குவாங்க. அவளே பூவுக்கு மூணு நாளைக்கு ஒருக்காதான் தண்ணி மாத்துவா. நல்ல தண்ணிய மண்ணுல ஊத்தறதுக்கு எங்க கை வராது. அரளி வெத விசம்னு எனக்குத் தெரியாதா, தெரியும். கிளை நின்ன தண்ணில இன்னா இருக்கப் போவுதுன்னு இருந்துட்டேன்.

வல போட்டு முடிச்சோம். எனக்கு வாயில வெத்தல, தண்ணி வேணாம்னுட்டேன். தம்பி கருவாட்டு சோறு தின்னுட்டு கேன தூக்குனான். ஒரு வாய் குடிச்சிட்டு மூஞ்ச சுளிச்சான்.

"ண்ணா, கசக்குது."

"கேனு ரொம்ப நாளு சும்மா கெடந்துச்சி, பிளாஸ்டிக் வாசன. குடிடா, ரொம்ப நாகரீகம் பாக்காத"ன்னேன்.

குடிச்சான். வெயிலு. திரும்பத் திரும்ப குடிச்சான்.

பொழுது சாயறப்ப வாந்தி எடுத்தான். "எல்லாம் மஞ்சளா தெரியுதுண்ணா"ன்னான். கையப் புடிச்சிப் பாத்தேன், நாடி நின்னு நின்னு அடிக்குது. கரைக்கு கொண்டாந்து, வண்டி புடிச்சி, பொன்னேரி போயி, அங்கேர்ந்து மெட்ராசு. அங்க டாக்டரு கேட்டாரு, "இன்னா சாப்ட்டாரு, இன்னா குடிச்சாரு?"

"சோறும் கருவாடும்"னேன். தண்ணியப் பத்தி சொல்லல. அப்ப எனக்குத் தெரிஞ்சி போச்சி. தெரிஞ்சும் சொல்லல. சொல்லியிருந்தா மருந்து இருந்துச்சோ என்னமோ. மறுநாளு செத்துட்டான்.

அடக்கம் பண்ணிட்டு வந்தப்பறம் கேன்ல ஈயக்குண்டு போட்டு ஏரில முழுகடிச்சேன். வூட்டுக்கு வந்தா மருமவ அந்த மூலையத்தான் பாத்துக்கினு நிக்கறா.

"கேனு எங்க மாமா?"

"ஏரில போச்சி."



வூட்டுக்குப் பின்னால கெடந்த அரளிக் கிளைய தம்பி பொண்டாட்டி பாத்துட்டா. ஊரு கூடிச்சி. தாலி அறுத்தவ வூட்ல பூவு வச்சா வெளங்குமான்னு ஒருத்தன். டப்பாவுல செய்வினை வச்சிருக்கான்னு ஒருத்தன். அரளி தண்ணில எறங்கியிருக்கும்னு பெரியவரு ஒருத்தரு என்னக் கேட்டாரு, "தண்ணி யாரு குடுத்தது?"

"வூட்லேர்ந்து வந்துச்சி"ன்னேன். அவ்ளதான் சொன்னேன். பொய்யின்னு எவனும் சொல்ல முடியாது.

அவ என் மூஞ்சப் பாக்கல, என் காலப் பாத்தா. மாமாதான் எடுத்தாருன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லல. ஊர வுட்டுப் போவணும்னாங்க. செரின்னா.

போற அன்னிக்கி ஒரு பாட்டிலயும் எடுத்துக்கல. எல்லாத்துலயும் இருந்த தண்ணிய மண்ணுல ஊத்துனா. சோப்பு போட்டு ரெண்டு தபா கழுவி, வரிசையா கவுத்து வச்சிட்டு பஸ் ஏறுனா. நான் படுத்துக்கினு இருந்தேன், தூங்கல.

தம்பி பொண்டாட்டி இன்னிக்கும் எனக்கு கொழம்பு குடுக்கறா. "அந்தப் பாவி நல்லா இருப்பாளா மாமா"ன்னு சொல்லிக்கினே ஊத்துவா. நான் திம்பேன்.

ஒரு தபா சுண்ணாம்புக்குளம் போய் சொல்லிடலாம்னு பஸ் ஏறுனேன். திருப்பாலைவனத்துல எறங்கி டீ குடிச்சேன். அடுத்த பஸ்ஸு எதுக்க வந்துச்சி, அதுல ஏறி வூட்டுக்கே வந்துட்டேன். இப்ப காலும் போச்சி.

நீ எழுதிக்கினு போறியே, அதனால கேக்கறேன். மொதல்ல பக்கத்து வூட்ல படிச்சிக் காட்டு. கொழம்ப நிறுத்துனா நிறுத்தட்டும். அப்பறம் சுண்ணாம்புக்குளம் போறவங்க யாரு கிட்டயாச்சும் சொல்லி வுடு. எங்க ஊருல வாக்கப்பட்டு, புருசன் கடல்ல செத்து, திரும்பி வந்தவ யாருன்னு கேட்டா காட்டுவாங்க. அவ கிட்ட சொல்லச் சொல்லு: கேன எடுத்தது உன் மாமா. கசக்குதுன்னு அவன் சொன்னான், குடின்னது உன் மாமான்னு.