ஞாயிறு பாடசாலை நின்ற வாரம்

கல்முனையில் தங்கள் சபையின் ஞாயிறு பாடசாலை நின்றுபோகிறது என்று போதகர் அறிவித்ததும் அது தன்னால்தான் என்று தெபோறாவுக்குத் தெரிந்தது. அதைப் பதினொரு வருடம் நடத்தியவள் சுகந்தினி. புருஷனைப் பிரிந்தவள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கக்கூடாது என்று போன வருடச் சபைக் கூட்டத்தில் முதலில் எழும்பிக் கதைத்தது தெபோறாதான். அவன் அடித்ததால்தான் பிரிந்தாள் என்று தெரிந்தும் கதைத்தாள். சுகந்தினி விலகியதும் பிள்ளைகளும் ஒவ்வொருவராக வராமல் விட்டார்கள்.

ஆராதனை முடிந்த கையோடு தெபோறா பாண்டிருப்பில் இருந்த சுகந்தினியின் வீட்டுக்குப் போனாள். சுகந்தினி கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள்.

"நான் கதைச்சது பிழை புள்ள. திரும்பி வா."

"உங்களில கோபமில்ல அக்கா. ஆனா அண்டைக்கு எனக்காக ஒருத்தரும் வாய் திறக்கல்ல. இனி வரமாட்டன்."

அடுத்த ஞாயிறு தெபோறா சபை நடுவே எழும்பி, "பிழை என்னிலதான்" என்று அழுதாள். கேட்கவேண்டியவள் அங்கே இருக்கவில்லை.