எந்த வெண்கலம்?

லேத்தில் என் வீட்டுக்காரரையே மாட்டி நாலு சுற்று விட்டால்தான் என் ஆத்திரம் அடங்கும். அப்சர் என்று பெயர். மன்னார்குடியில் எங்கள் கடைசல் பட்டறை. பம்ப் புஷ் கடைவதில் கில்லாடி. உள்ளே தண்டு சுழலும் அந்த உலோக வளையம் முடியளவு பிசகினாலும் சூடேறி இறுகிவிடும். இவர் கடைந்தது ஒன்றுகூட இறுகியதில்லை. வாய்தான் சரியில்லை. யாருக்கும் மனம் நோகிற மாதிரி ஒரு வார்த்தை சொல்ல வராது.

போன குறுவையில், கதிர் பால் பிடிக்கும் சமயம் பார்த்து, விவசாயி தியாகராசன் அண்ணனின் வயல் பம்ப் நின்றுபோனது. இவர் தேய்ந்த புஷ்ஷைப் பார்த்துவிட்டு, பித்தளை தாங்காது, வெண்கலத்தில் போட்டால் நிற்கும் என்றார். பட்டறைக்காரர் வாயில் வெண்கலம் என்றால் கன்மெட்டல் என்கிற, வெள்ளீயம் குறைந்த கலவை. கடையில் உருளையாகவே விற்கிறது. அதை விளக்கிச் சொன்னால் வாய் வலிக்குமா? விவசாயி வீட்டில் வெண்கலம் என்றால் பொங்கல் பானைதானே.

அந்த மனிதர் தன் அம்மா பூவம்மாளின் கல்யாணச் சீர்ப் பானையை உடைத்து, உருக்கி, உருளையாக வார்த்துக்கொண்டு வந்து நின்றார். அந்தம்மா அன்றைக்குச் சாப்பிடவே இல்லையாம்.

பானை வெண்கலத்தில் வெள்ளீயம் அதிகம். தட்டினால் கணீரென்று கேட்கும், பம்ப்பில் அடித்து இறக்கினால் விரிசல் விட்டுவிடும். இவருக்கு அது தெரியாதா? தெரியும். சொன்னாரா? கடைந்தார். சீவல் மாவாக உதிர்ந்தது. பம்ப்பில் வைத்து இறக்கியதும் புஷ் இரண்டாகப் பிளந்தது. சத்தம் காட்டாமல் எங்கள் கன்மெட்டலில் வேறொன்று கடைந்து மாட்டி அனுப்பிவிட்டார். ஏன் இப்படி என்று சண்டை போட்டேன்.

"பானையும் போச்சு, புஷ்ஷும் போச்சுன்னு அவர்கிட்ட எப்படிச் சொல்றது நிலோ?"

நல்ல மனசாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

பயிர் பிழைத்தது. தியாகராசன் அண்ணன் சும்மா இருந்தாரா? கடை உருளையெல்லாம் தண்டம், வீட்டுப் பானைதான் உசத்தி என்று ஊரெல்லாம் பேசிவிட்டார். நேற்று தன் மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்தார். மச்சான் கையில் ஒரு பானை. உடைத்து உருக்கக் கொடுக்கப் போகிறார்களாம், எவ்வளவு பருமனில் வார்க்க வேண்டும் என்று கேட்க வந்திருந்தார்கள். இவரைப் பார்த்தேன். தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார், மகராசன். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, உங்க பம்ப்புல ஓடுறது உங்க பானை இல்ல. அது அன்னிக்கே விரிஞ்சுபோச்சு. ஓடுறது எங்க கன்மெட்டல்" என்று போட்டுடைத்தேன்.

மச்சான் பானையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தியாகராசன் அண்ணன் கத்துவார் என்று நினைத்தேன். பதிலுக்குக் கத்த நானும் தயாராகத்தான் இருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. இவரிடம் மெதுவாகப் பேசினார்.

"எங்கம்மா தெனமும் மோட்டார் கொட்டாய்க்குப் போயி, நம்ம பானைதான் வயலுக்குத் தண்ணி எறைக்குதுன்னு பம்ப்புக்குப் பூ வச்சிட்டு வருது பாய். இப்ப அதுக்கிட்ட நான் என்னத்தச் சொல்றது?"