இரண்டரை மணி பின்னால் ஓடிய கைக்கடிகாரம்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

இலங்கை மலையகத்தின் டயகமவிலிருந்து அட்டன் செல்லும் காலை பஸ்ஸில் என் அருகே அமர்ந்திருந்த ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். பெயரை நான் கேட்கவில்லை. தேயிலைக் கறை ஏறிய விரல்கள்; மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

"உங்க வாட்ச் ரெண்டரை மணித்தியாலம் பின்னுக்கு நிக்குதுங்களே" என்றேன்.

"அது குவைத் நேரமுங்க. மக அங்க வீட்டு வேலைக்குப் போனா. அவளுக்கு ஓய்வான நேரம் பாத்துப் பேசணுமில்ல?" என்றவர், "அங்கயிருந்து கட்டுநாயக்கா ஏர்போட்டுக்கு பிளேன் எத்தன மணித்தியாலங்க?" என்று கேட்டார்.

கைப்பேசியில் தேடினேன். நாலாயிரம் கிலோமீற்றருக்கு மேல். ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம்.

"நம்ம நேரம் பகல் பன்னெண்டுக்கு ஏறுதாம். நான் முந்திருவேனா?"

"தாராளமா. மூணு மணிக்கே போயிருவீங்க. மக வருதுங்களா? அப்ப தோட்டத்து லய வீடெல்லாம் கொண்டாட்டந்தான்!" என்று சிரித்தேன்.

"பெட்டியில வர்றா ஐயா. வெளிய வரையில மொத ஆளா நான் நிக்கணும்னு சொல்லிட்டுப் போனா."

அட்டனில் இறங்குமுன் அவர் கடிகாரத்தைக் கழற்றி நீட்டினார்.

"நம்ம நேரத்துக்கு மாத்திக் குடுங்க. என் கையால மாத்த மனசு வரல."

மாற்றிக் கொடுத்தேன். கட்டிக்கொண்டு கொழும்பு பஸ்ஸை நோக்கி ஓடினார். அந்த முள்ளை முன்னே தள்ளியது என் விரல் என்பது இன்றும் மனதை அறுக்கிறது.

அவர் பெயர்கூட என்னிடம் இல்லை; இக்குறிப்பையாவது தயவுசெய்து பத்திரமாக வைத்திருங்கள்.