அக்கா போட்ட வழக்கு

என் அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பதினாலு வருஷமாக அதே வேலை. முதல் நாள் வருகிறவர்கள் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருப்பார்கள். இவள் பக்கத்து இருக்கையில் சாவகாசமாகச் சாய்ந்துகொண்டு, "கிளட்ச மெதுவா விடுங்க, அது உங்க எதிரி இல்ல" என்பாள். எங்கள் வட்டாரத்தில் பாதிப் பேருக்கு அவள் கிளட்ச் அக்கா. பல் டாக்டரும் கறிக்கடைக்காரரும் ஒரே மாதிரி அவளிடம் திட்டு வாங்கியிருக்கிறார்கள்.

வீட்டில் அவளுக்கு வேறு பெயர். கேஸ் போட்டவள். புருஷனைத் தானே கோர்ட்டுக்கு இழுத்து, இரண்டு வயதுக் குழந்தையை வாங்கிக்கொண்டு வந்தவள். அம்மா இதைச் சொல்லும்போது குரலில் பாதி கவலையும் பாதி மிடுக்கும் இருக்கும். பெரியம்மா மகள் தன் வீட்டில் சண்டை வந்தபோது அக்காவைத் தேடி வந்து, "உன்ன மாதிரி தைரியம் எனக்கு வரலையே" என்று அழுதாள். அக்கா அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அதையும் தைரியத்தின் கணக்கில்தான் நாங்கள் சேர்த்துக்கொண்டோம்.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் பருவ விடுமுறைக்கு முந்தின நாள். நான் அக்காவின் டிரைவிங் ஸ்கூல் மேஜையில் லைசென்ஸ் படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்தேன். பதினொன்றே முக்காலுக்குத் தலைமையாசிரியை அழைத்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாப்பாவோட அப்பா வந்திருக்கார். லீவுக்குத் தன்னோட ஊருக்குக் கூட்டிட்டுப் போறேங்கறார்."

ஒன்பது வருஷத்தில் அந்த ஆள் ஒரு போன்கூடப் பண்ணியதில்லை.

"அனுப்பாதீங்க மேடம். கோர்ட் எங்கிட்டதான் குடுத்திருக்கு."

"அந்த ஆர்டரக் கொண்டு வாங்க. எங்க பதிவுல அப்பா பேரு இருக்கு. எனக்கு நீங்க ரெண்டு பேரும் ஒண்ணுதான். மூணரைக்கு ஸ்கூல் மூடிடும். அதுவரைக்கும் பாப்பாவ ஸ்டாஃப் ரூம்ல வச்சிருக்கேன். அதுக்கு மேல அவரத் தடுக்க எனக்கு அதிகாரமில்ல."

அக்கா வெளியே நின்ற காரின் டாஷ்போர்டிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தாள். லேமினேட் செய்த ஒரே ஒரு பக்கம், ஏழு என்று எண் போட்டது. குழந்தை தாயின் பொறுப்பில் இருக்க வேண்டும், தாயின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் வெளியூர் அழைத்துச் செல்லக் கூடாது. அதைப் படம் எடுத்து அனுப்பினாள். இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது.

"இதுல யாரு பேரும் இல்ல, வழக்கு நம்பரும் இல்ல. எந்தத் தாய், எந்தக் குழந்தை? முழுசா வேணும், கோர்ட் முத்திரையோட."

"மத்த பக்கமெல்லாம் எங்கக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றாள். "வண்டில ஏறு."

குடும்ப நீதிமன்றத்தின் நகல் பிரிவு மாடிப்படிக்குப் பின்னால், பகலிலும் விளக்கெரியும் ஓர் அறை. தடித்த கண்ணாடி போட்ட எழுத்தர் ஜன்னலுக்குள் இருந்தார். மணி பன்னிரண்டு இருபது. அவர் அக்காவின் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க யாரு?"

"தம்பி."

"தம்பிக்கெல்லாம் கிடையாது. வழக்குல இருக்கறவங்களுக்கு மட்டும்தான். வர்றவங்களுக்கெல்லாம் குடுத்தா, எல்லாரோட பக்கத்து வீட்டுக்காரங்களும் இங்கதான் நிப்பாங்க. ஓரமா நில்லுங்க."

நின்றேன். அக்கா படிவத்தை நிரப்பினாள். தேவைப்படும் காரணம் என்ற இடத்தில் 'என் மகள்' என்று மட்டும் எழுதினாள். வழக்கு எண் என்ற கட்டம் காலியாக இருந்தது.

"நம்பர் இல்லேன்னா பேர வச்சுத் தேடணும்" என்றார் எழுத்தர். "எங்க பெயர்ப் பதிவேடு மனு போட்டவங்க பேர்லதான் இருக்கும். மனு போட்டது நீங்கதானே?"

"ஆமா."

"ஒரு மணிக்கு ஜன்னல் மூடிடுவேன். கோப்பு கிடைச்சாலும் நகல் எடுத்துச் சரிபார்க்க ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். கையெழுத்துப் போடற அதிகாரி மூணு மணிக்குக் கிளம்பிடுவார். அவசரம்னு எழுதிட்டீங்க, சரி. ஆனா ஒரு மணிக்குள்ள கோப்பு கிடைக்கலேன்னா இன்னிக்கு இல்ல. ஞாபகம் வச்சுக்குங்க."

பதிவேடு கதவுப்பலகை மாதிரி இருந்தது. அவருடைய விரல் ஒவ்வொரு பெயராக இறங்கியது. எத்தனை வீடுகள் அந்த விரலுக்கடியில் கலைந்து கிடந்தன. அக்கா பெயரின் முதல் எழுத்துக்கு வந்து நின்றது, நகர்ந்தது. இல்லை. அடுத்த வருஷத்துப் பதிவேடு. இல்லை. முந்தின வருஷம். இல்லை.

"கல்யாணத்துக்கு முந்தி இருந்த பேரு ஏதாவது?"

"அதே பேருதான்."

மறுபடி முதலிலிருந்து. பன்னிரண்டு ஐம்பது. என் பின்னால் ஒருவர், "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று முனகினார். எழுத்தர் திரும்பாமலே, "இந்த அவசரத்தச் சேர்ந்து வாழறதுல காட்டியிருந்தா இங்க வந்து நிக்க வேண்டியதில்லயே சார்" என்றார். யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவள் பதிவேட்டைப் பார்க்கவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். காணாமல் போனதைத் தேடுகிறவர்கள் எட்டி எட்டிப் பார்ப்பார்கள். இவள் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இங்க இல்லம்மா. பழைய கட்டடத்துல கொஞ்சம் கோப்பு கிடக்கு. அங்க போய்க் கேளுங்க."

பழைய கட்டடம் ஊரின் மறுகோடியில். போய் வரவே ஒரு மணி நேரம். நான் வண்டி நின்ற பக்கம் திரும்பினேன். அக்கா என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"போகாத."

பிறகு ஜன்னலுக்குள் குனிந்து, மிகச் சன்னமாக, அந்த ஆளின் பெயரைச் சொன்னாள். ஒன்பது வருஷத்தில் அவள் வாயிலிருந்து அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

எழுத்தர் தலை நிமிர்ந்தார். "அப்ப நீங்க எதிர்மனுதாரர்."

"ஆமா."

"இத முதல்லயே சொல்றதுக்கென்ன?"

பத்து நொடி ஆகவில்லை. முந்தின வருஷத்துப் பதிவேடு, அவர் விரல் ஒரே இறக்கத்தில் போய் நின்றது. எண்ணைக் கிறுக்கிக்கொண்டு எழுந்தார். ஜன்னலைச் சாத்தினார். சாப்பிடப் போய்விட்டார் என்றே நினைத்தேன். ஒன்றேகால் மணிக்குப் பக்கத்துக் கதவு திறந்தது. மூக்கு நுனியில் தூசியோடு, கயிறு கட்டிய கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"ஆறாம் ராக்குல, மேல் தட்டு. ஏணி வேற ஆடுது. போய் உக்காருங்க, கூப்பிடறேன்."

பெஞ்சில் உட்கார்ந்தோம். அவளே சொன்னாள்.

"அந்த ஆளுதான் போட்டான். நோட்டீஸ் வந்தப்புறம்தான் எனக்கே தெரியும். அம்மா யார்கிட்டயோ நாந்தான் போட்டேன்னு சொல்லிட்டிருந்தா. கேட்க நல்லா இருந்துச்சு. விட்டுட்டேன்."

"மத்த பக்கம்?"

"ஆர்டரோட முதல் பக்கத்துலயே அவன் மனுவ எடுத்துப் போட்டிருந்தாங்க. என்ன எழுதியிருந்தான் தெரியுமா? பகல் முழுக்க அந்நிய ஆம்பிளைங்களோட கார்ல சுத்தறாளாம். அத யாரும் பார்த்துடக் கூடாதுன்னு, பாப்பா இருக்கற பக்கத்த மட்டும் வச்சுக்கிட்டு மத்ததக் கிழிச்சு அடுப்புல போட்டேன். அதுக்கு மேல படிக்கக்கூட இல்ல."

அவள் வேலையையே ஒரு குற்றமாக எழுதியிருக்கிறான். கற்றுக்கொடுக்க உட்கார்ந்த இருக்கையை.

இரண்டு ஐம்பதுக்குக் கையெழுத்து ஆனது. முத்திரை இன்னும் ஈரமாக இருந்தது. அக்கா தாள்களை என் மடியில் போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள். சிக்னலில் நின்றபோது நான் புரட்டினேன். நாலாவது பக்கத்தில் கண் நின்றது.

"அக்கா, இதக் கேளு."

"ஏழாம் பக்கத்த எடுத்து மேல வை, போதும்."

"கேளுக்கா." வாசித்தேன். "'எதிர்மனுதாரர் முறையான சான்றிதழுடன் ஓட்டுநர் பயிற்சி அளிப்பவர். அவரது தொழிலையே நடத்தைக் குறைவாகச் சித்திரிக்கும் மனுதாரரின் குற்றச்சாட்டு ஆதாரமற்றது மட்டுமல்ல, கண்டிக்கத்தக்கதும் ஆகும்.'"

சிக்னல் பச்சையானது. கார் குலுங்கி நின்றுவிட்டது. பதினாலு வருஷத்தில் அவள் வண்டியை அணையவிட்டு நான் பார்த்ததில்லை. பின்னால் ஹாரன்கள் அலறின.

"இன்னொரு தடவ படி."

படித்தேன். அவள் சாவியைத் திருகினாள். மூன்று பத்து.

பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தபோது மூன்று இருபத்திரண்டு. தலைமையாசிரியை அறையில் அந்த ஆள் உட்கார்ந்திருந்தான். மடிப்புக் கலையாத சட்டை. மடியில் பெரிய பொம்மைப் பெட்டி, மூன்று வயசுக் குழந்தைக்கு வாங்குகிற மாதிரி. பாப்பாவுக்குப் பதினொன்று. அக்காவைப் பார்த்ததும் எழுந்தான், பிறகு எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் நின்றான்.

தலைமையாசிரியை முதல் பக்கத்திலிருந்து வாசித்தார், அவசரமில்லாமல். ஆறாவது பக்கத்தில் நிறுத்தினார்.

"இங்க ஒண்ணு இருக்கே. 'தந்தை, ஏழு நாட்களுக்கு முன் எழுத்துமூலம் தாய்க்குத் தெரிவித்து, மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் குழந்தையைச் சந்திக்கலாம்.'"

அக்காவின் முகம் வெளுத்தது. அடுப்பில் போட்டதில் அதுவும் இருந்திருக்கிறது.

ஏழாம் பக்கத்தையும் முடித்துவிட்டுத் தலைமையாசிரியை அவன் பக்கம் திரும்பினார். "சார், பாப்பாவ உங்ககூட அனுப்ப முடியாது. பார்க்கணும்னா இந்த முறைப்படி கேளுங்க."

அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடி தளர வெகுநேரம் ஆனது.

அவன் பொம்மைப் பெட்டியைக் கீழே வைத்தான். "எனக்கு இது ஞாபகமே இல்ல" என்றான், யாரிடமும் இல்லாமல். பிறகு, "ஒரு பேப்பர் கிடைக்குமா?"

எழுதினான். இரண்டாம் சனிக்கிழமை, காலை பத்து மணி, இடம் தாய் சொல்கிறபடி. அக்கா அதை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். கிழித்துவிடுவாளோ என்று எனக்குத் தோன்றியது. அவள் என்னிடம் பேனா வாங்கி, இடத்துக்கு நேராகப் பெரிய பூங்கா என்று எழுதி, 'நானும் உடன் இருப்பேன்' என்று சேர்த்து, அடியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியோடு கையெழுத்துப் போட்டாள். அதை அறை வாசலில் நின்ற அலுவலக உதவியாளர் அம்மாவிடம் நீட்டினாள்.

"ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துத் தாங்க. முன்பக்கம், பின்பக்கம் ரெண்டும்."

அந்த அம்மா தாளைத் திருப்பிப் பார்த்தார். "பின்னாடி ஒண்ணுமே இல்லயே மேடம்."

"பரவால்ல, அதையும் எடுங்க."