அண்ணையின் கார்களும் என் வீடும்

நாலு வருடத்துக்குள் என் அண்ணை தில்லைநாதன் நாலு கார் மாற்றினார். நல்லூரில் வாடகைக் கார் ஓடியவர்களில் அப்படி வேறு ஒருவரும் இல்லை. மற்றவர்கள் ஒரு பழைய கேம்பிரிட்ஜ் காரை வாங்கி, இரண்டு தரம் பெயின்ற் அடித்து, அதை வைத்தே பிள்ளைகளைப் படிப்பித்து, அதே காரில் மகளைக் கலியாண வீட்டில் கொண்டுபோய் இறக்கினார்கள். அண்ணைக்கு ஒரு கார் வருடம் திரும்ப முன்னரே அலுத்துவிடும்.

அவரைக் கெட்ட மனிதர் என்று நினைக்க வேண்டாம். பிள்ளைப்பேற்றுக்கு ஆசுபத்திரிக்குப் போகும் பெண்ணிடம் அவர் காசு வாங்கியதில்லை. திருவிழாவில் யாராவது மயங்கி விழுந்தால் முதலில் வந்து நிற்பது அவருடைய கார்தான். பகிடி விட்டுச் சிரிக்கவைப்பார். காலையில் குளித்துத் திருநீறு பூசியதும் காரைத் துடைப்பார். அதற்கென்று பழைய வேட்டித் துண்டு ஒன்று இருந்தது. அதைத் தோய்த்துக் காயப்போடுவது என் வேலை.

எனக்கு அவரை விட்டால் வேறு யாரும் இல்லை. எங்களைப் பெற்ற ஐயா நான் சிறுமியாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா படுக்கையில் விழுந்ததும் எட்டாம் வகுப்போடு என் படிப்பை மறித்துவிட்டார்கள். அம்மா போனபின் அவவுடைய சீதன வீடு எனக்கு வந்தது. எங்கள் வழக்கம் அது. தாயின் வீடு மகளுக்கு. ஆண்பிள்ளைக்குக் கலியாணம் கட்டுகிற இடத்தில் வீடு இருக்கும். மூன்று அறை, ஓட்டுக் கூரை, நல்ல தண்ணீர்க் கிணறு, வடக்கு வேலியோடு மூன்று தென்னை. எனக்கு வேறு சீதனம் கிடையாது. அந்த வீடு இருந்தால் மாப்பிள்ளை வருவார், இல்லையென்றால் வரமாட்டார். இது எனக்கும் தெரியும், அண்ணைக்கும் தெரியும்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு சித்திரையில் நான் சமைத்துக்கொண்டிருந்த குசினியின் வாசலில் அவர் வந்து நின்றார். அப்போது அவர் வேறொருவருடைய காரைக் கூலிக்கு ஓடிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, உந்த வீடு எங்களுக்கு என்ன தருகுது?"

"இருக்கிறம்தானே அண்ணை."

"இருக்கிறதுக்கு வாடகை வீடு காணும். அங்கை படுத்தாலும் இதே நித்திரைதான் வரும். வீடு எண்டது நிண்ட இடத்திலை நிக்கிற சாமான். கார் எண்டால் விடிய எழும்பி உழைக்கப் போகும்."

"வீட்டை விக்கக் கூடாது எண்டு அம்மா சொன்னவ."

"ஆர் விக்கிறது? ஒற்றிக்குக் குடுப்பம். ரண்டு வரியத்திலை மீட்டு உன்ரை கையிலை தருவன். உனக்கு மாப்பிளை பாக்க வருவினம். நான் படலையடியிலை காரைத் துடைச்சுக்கொண்டு நிப்பன். டிரைவர் எண்டு நினைச்சு என்னட்டைக் குடையைத் தருவினம், பார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சம்மதித்தேன்.

ஒற்றி என்றால் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வீட்டை மற்றவர் இருக்கக் கொடுப்பது. அவர் வாடகை தருவதில்லை. நாங்கள் வட்டி கட்டுவதில்லை. தொகையைத் திருப்பிக் கொடுத்தால் வீடு திரும்பி வரும். ஒற்றிக்கு இருப்பவர் தேங்காய் பறிக்கலாம், மாங்காய் பறிக்கலாம். மரத்தைத் தறிக்க முடியாது. மரம் வீட்டுக்காரருடையது.

ஒற்றிக்கு வந்தவர் புத்தூரில் புகையிலையும் வெங்காயமும் பயிர் செய்கிற முத்துக்குமாரு. பிள்ளைகள் நல்லூரில் ரியூசனுக்குப் போக வேண்டும் என்று குடும்பத்தோடு வந்தார். கையெழுத்து வைத்த அன்று, பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு அந்த உறுதியை முழுவதும் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். "ஒற்றி" என்ற சொல் எத்தனை தரம் வந்தது என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பது தரம்.

நாங்கள் எங்கள் வளவுக்குப் பின்னால் போகும் ஒழுங்கையில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம். அங்கே கிணற்றடியில் நின்று பார்த்தால் என் வீட்டின் மூன்று தென்னைகளின் தலையும் தெரியும். காலையில் முதல் வாளி தண்ணீரை இழுத்து வைத்துவிட்டு அவற்றை ஒரு தரம் பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் முகம் கழுவுவேன்.

முதலில் மொறிஸ் மைனர் வந்தது. அடுத்த வருடம், கலியாண வீட்டு ஆட்கள் அதில் அடங்குகிறார்கள் இல்லை என்று கேம்பிரிட்ஜ் வந்தது. நல்ல கார். அதுவும் கிழடு என்று, அதற்கடுத்த வருடம் ஜப்பான் கார் ஒன்று வந்தது.

"பழுதாக முன்னம் மாத்தினால்தான் விலை போகும்" என்பார். "பழுதான பிறகு இரும்புக்குத்தான் போகும்."

"வீடு, அண்ணை?"

"வீடு எங்கை ஓடப்போகுது?"

புதிதாக ஒரு கார் வந்து வாசலில் நிற்கும் ஒவ்வொரு முறையும் என் வீடு இன்னொரு வருடம் தள்ளிப் போனது. நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். கேம்பிரிட்ஜோடு நின்றிருந்தால் இந்தத் தையோடு மீட்டிருக்கலாம். வாயைத் திறந்து சொன்னதில்லை. சொல்லிப் பழக்கமில்லை.

எண்பத்தாறில் உடுப்பிட்டியிலிருந்து அவருக்குச் சம்பந்தம் வந்தது. பெண்ணின் பெயர் மீனாம்பிகை. சீதனத்தில் கல்வீடு ஒன்று இருந்தது. அந்த வீட்டு வாசலுக்குப் பழைய காரோடு போக அண்ணைக்கு மனமில்லை.

"ஒற்றித் தவணை முடிஞ்சு போச்சுது பிள்ளை. புதுப்பிக்க வேணும். ஒருக்கால் வந்து கையெழுத்து வைச்சிட்டுப் போ."

இந்த முறை வேறு நொத்தாரிசு. அவர் வீட்டு முன் அறையில் முத்துக்குமாருவும் அவருடைய மனைவி இராசமலரும் இருந்தார்கள். நொத்தாரிசு என்னைப் பார்த்து, "வாசிச்சுப் பாக்கப் போறீரோ?" என்று கேட்டார்.

அண்ணை சிரித்தார். "நொத்தாரிசின்ரை தமிழ் எனக்கே விளங்காது. உவள் எட்டாம் வகுப்போடை நிண்டவள்."

எனக்கு வாசிக்கத் தெரியும். பழைய பேப்பரில் கடலை சுற்றி வந்தாலும் விரித்து வாசித்துவிட்டுத்தான் எறிவேன். ஆனால் அத்தனை பேருக்கு முன்னால் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கினால் அண்ணையை நான் நம்பவில்லை என்று ஆகிவிடும். கையெழுத்து வைத்தேன். வைக்கும்போது அவர் தன் உள்ளங்கையைக் காகிதத்தின் மேற்பாதியில் விரித்து வைத்திருந்தார். நகத்தில் எண்ணெய்க் கறுப்பு ஒரு துளியும் இல்லை. நன்றாகத் தேய்த்துக் கழுவியிருக்கிறார் என்று நினைத்தேன்.

நாலாவது கார் வந்தது. இன்னும் புதிய ஜப்பான் கார், பால் வெள்ளை. "இது உன்ரை பேரிலை பதிஞ்சிருக்கு" என்று காரின் பதிவுப் புத்தகத்தைக் காட்டினார். சந்தோசப்பட்டேன். அந்தக் காரில் அவர் மாப்பிள்ளையாகப் போனார். அதன்பின் உடுப்பிட்டியில் மனைவியின் வீட்டில் இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் மரக்கறியோடு வந்து வாடகையும் கொடுத்துவிட்டுப் போவார். எங்கள் ஒழுங்கையில் செபஸ்தியம்மா என்றொரு விதவை இருந்தார். துணைக்கு என்னோடு வந்து படுப்பார். பகலில் நான் தையல் மெசினில் அயலவர்களுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பேன்.

என்னைப் பெண் பார்க்கவும் ஒரு தரம் வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் வீட்டைப் பற்றிக் கேட்டார். "ஒற்றியிலை கிடக்கு. மீட்டுத் தருவன்" என்று அண்ணை சொன்னார். குரல் கொஞ்சமும் இடறவில்லை. மீட்டபிறகு கதைப்போம் என்று அவர்கள் எழும்பிப் போனார்கள். அன்று முழுவதும் என் பக்கத்தில் இருந்து ஆறுதல் சொன்னவரும் அண்ணைதான்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை மறுபடி தொடங்கியது. பெற்றோல் வருவது நின்றது. பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் நாலு துளி விட்டு எஞ்சினை எழுப்பினால், பிறகு மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு போகும். மொறிஸ் மைனரும் கேம்பிரிட்ஜும் ராசாக்களாகிவிட்டன. அண்ணையின் வெள்ளைக் காருக்கு மண்ணெண்ணெய் பிடிக்கவில்லை. இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. மீனாம்பிகை மச்சாள் அதன் பின்சீற்றைக் கழற்றி விறாந்தையில் போட்டுவிட்டாவாம். உள்ளே கோழி அடை கிடக்கிறது என்று அண்ணையே பகிடியாகச் சொன்னார். அவர் சைக்கிளில் வரத் தொடங்கினார்.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை. முதல் வாளியை இழுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தேன். இரண்டு தென்னைதான் தெரிந்தது.

குண்டு போடுகிற காலம். எல்லா வளவிலும் பதுங்கப் பங்கர் வெட்டினார்கள், மேலே போட மரக்குற்றி வேண்டும். எனக்கு அது விளங்கியது. என்றாலும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏழு வருடத்தில் முதல் தரமாக என் வீட்டுப் படலையை நான் தள்ளித் திறந்தேன்.

இராசமலர் முற்றத்தில் தென்னோலையை இழுத்துக்கொண்டு நின்றா.

"வாரும் குணலட்சுமி. என்ன, வழி தவறி வந்தனீரோ?"

"அக்கா, மரம் தறிச்சிருக்கிறியள்."

"ஓம், பங்கருக்கு. காணாது போலை கிடக்கு. மற்றதையும் விழுத்த வேணும்."

"தறிச்சது பிழை எண்டு சொல்ல வரேல்லை. ஒரு சொல் கேட்டிருக்கலாம். ஒற்றிக்கு இருக்கிற ஆக்கள் மரத்திலை கை வைக்கிறேல்லை."

அவ ஓலையைக் கீழே போட்டா. "ஆர் பிள்ளை ஒற்றிக்கு இருக்கினம்?"

அவ கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தா.

"அறுதியாய் வாங்கி நாலு வரியம் ஆச்சுது. நீர்தானே கையெழுத்து வைச்சனீர். நானும் பக்கத்திலை இருந்தனான். மண்ணிறச் சீலை உடுத்திருந்தீர்."

பங்கருக்குள் கொண்டுபோகவென்று உறுதிகளைப் பொலித்தீன் பையில் கட்டி வைத்திருந்தா. எடுத்து வந்து காட்டினா. மேற்பாதியில், அண்ணையின் கை இருந்த இடத்தில், அறுதி உறுதி என்று இருந்தது. முழுதாக விற்றாகிவிட்டது என்று அர்த்தம். கீழே என் கையெழுத்து. அதில் என் "கு" எப்போதும் போலக் கொஞ்சம் சரிந்து நின்றது.

"உமக்குத் தெரியாதோ?" என்று மெல்லக் கேட்டா.

"தெரியும் அக்கா. மறந்து போனன்."

அவ என் முகத்தையே பார்த்தா. "இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்" என்றா. குடித்தேன். என் குசினியில் ஊற்றிய தேத்தண்ணீர் அது.

வெள்ளிக்கிழமை அண்ணை வந்தார். சைக்கிளில் கத்தரிக்காய்ப் பை தொங்கியது. சேட்டுப் பையில் ஒரு காகிதம்.

"ஒரு சின்னக் கையெழுத்துப் பிள்ளை. உந்த வெள்ளைக் காரை ஒருத்தர் கேக்கிறார். குடுத்துப்போட்டு என்ரை பழைய கேம்பிரிட்ஜைத் திரும்ப வாங்கப் போறன். அது மண்ணெண்ணெயிலை பறக்குதாம். ஓடத் தொடங்கினன் எண்டால் உன்ரை வீட்டை வாற சித்திரைக்கு மீட்டுத் தருவன்."

காகிதத்தை வாங்கினேன். "வாசிக்க வேணும்" என்றேன்.

"நீ எப்ப தொடக்கம் வாசிக்கிறனி?"

"செவ்வாய்க்கிழமை தொடக்கம்."

சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். வேலிக்கு மேலாகத் தென்னைகள் நிற்கும் பக்கம் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. சைக்கிள் மணியின் மூடியைத் திருகினார்.

"உனக்கு ஒரு காணி வாங்கித் தரத்தான் நினைச்சிருந்தனான்" என்றார்.

"மாப்பிளை வீட்டுக்காரருக்கு முன்னாலை ஒற்றி எண்டு சொன்னனீங்கள் அண்ணை."

"வேறை என்னத்தைச் சொல்ல?" பிறகு குரல் கொஞ்சம் ஏறியது. "நான் ஒளிச்சனானே? நொத்தாரிசு உன்னைக் கேட்டவர். நீ வாசிக்கேல்லை. இவ்வளவு நாளும் ஒருக்கால் என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். நீ கேக்கேல்லை."

வீடு போனதைவிட இதுதான் என் நெஞ்சில் இறங்கியது. நான் கேட்க மாட்டேன் என்பதை இந்த உலகத்தில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதன்மேல்தான் அவர் நாலாவது காரை வாங்கினார்.

வாசற்படியில் இருந்து காகிதத்தை வாசித்தேன். ஒவ்வொரு வரியாக, சத்தமாக. அவர் காலை மாற்றி மாற்றி நின்றார். காரின் இலக்கம் இருந்தது. என் பெயர் இருந்தது. வாங்குபவரின் பெயர் இருந்தது. விலை எழுதும் இடம் வெறுமையாக இருந்தது.

"விலை போடேல்லை."

"அது பிறகு போடலாம்."

"அப்ப கையெழுத்தையும் பிறகு வைக்கலாம்."

மடித்துத் தையல் மெசினின் லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். "வாங்கிறவர் இஞ்சை வரட்டும். காசை என்ரை கையிலை தரட்டும். அது ஒரு பரப்புக் காணிக்குக் காணுமோ எண்டு நான் கேட்டுப் பாக்கிறன். வாடகையை இனி நானே தைச்சுக் குடுப்பன்."

"அப்ப நான் எதிலை உழைக்கிறது?"

பதில் சொல்லவில்லை. அவருக்கு நான் தராத முதலாவது பதில் அதுவல்ல. ஆனால் வேண்டுமென்றே தராத முதலாவது பதில் அது.

"நீ மாறிப் போனாய் பிள்ளை" என்றார். கத்தரிக்காய்ப் பையைக் கழற்றிப் படியில் வைத்தார். சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். படலையைச் சாத்தவில்லை. நான் எழும்பிப் போய்ச் சாத்தினேன்.