பந்தோபஸ்துக்கு நடுவே ஒரு பாட்டு வெளியீடு

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், மேலகரத்தில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. இசைத்தட்டு, சி.டி., கிடார் கம்பி, மைக் வயர் விற்கிறேன். போர்டைப் பார்த்து உள்ளே வருகிறவர்களில் பாதிப் பேர் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்ட வந்தவர்களாக இருப்பார்கள். அது இங்கே இல்லை என்று சொன்னால், "பின்ன என்னதான் விக்கிய?" என்று கேட்பார்கள். ஆரம்பத்தில் உட்காரவைத்து விளக்கினேன். இப்போது பக்கத்துக் கடையைக் கை காட்டிவிடுகிறேன்.

சென்னையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் வெகுகாலம் வேலை பார்த்தவள் நான். கணவருக்கு ஆலங்குளத்துக்கு மாற்றல் வந்தபோது கூடவே வந்துவிட்டேன். வீட்டில் சும்மா உட்காரத் தெரியவில்லை. அதனால்தான் கடை. வெள்ளிக்கிழமைதோறும் புதுப் பாட்டுகள் வரும். சினிமாவில் சேராத சின்னச் சின்னக் குழுக்கள் சென்னையிலும் கொச்சியிலும் இருந்து தாங்கள் போட்ட தட்டுகளைப் பார்சலில் அனுப்புவார்கள். 'இன்று மாலை புதுப் பாட்டு கேட்போம்' என்று வாசலில் எழுதி வைப்பேன். கேட்போம் என்பது பெரும்பாலும் நான் ஒருத்திதான். போன வாரம் வந்ததையே கேட்டு முடித்திருக்க மாட்டேன், அதற்குள் அடுத்தது வந்துவிடும். ஒரு காலத்தில் புதுப் பாட்டு என்றால் பசி எடுக்கிற மாதிரி இருக்கும். இப்போது, துவைத்து மடிக்காமல் கட்டிலில் கிடக்கும் துணிக்குவியலைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

இருந்தாலும் கடையை மூடாமல் இருந்ததற்குக் காரணம் அந்த மூன்று பேர்.

கிடார் கம்பி வாங்க வந்த செங்கோட்டைக்காரர் முதலாமவர். அங்கே ஒரு மரக்கடையில் கணக்குப் பார்க்கிறவர். கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் போய்வந்து வளர்ந்ததால் பேச்சில் பாதி மலையாளம். அவர் கூட்டிவந்தவர்கள் ஒரு கணவன் மனைவி. கணவர் போலீஸ்காரர். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் பாடுவாள். அவர் கஹோன் வாசிப்பார். கஹோன் என்பது ஒரு மரப்பெட்டி; அதன் மேலேயே உட்கார்ந்து, முன்பக்கத்தைக் கையால் தட்டி வாசிக்க வேண்டும். பயிற்சி செய்ய இடம் இல்லை என்றார்கள். கடையின் பின்பக்க அறையைக் கொடுத்தேன்.

சில வாரம் கழித்துத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. அந்தப் பின்னறையைத் தவிர வேறெங்கும் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்காருவதே இல்லை. அவளுக்கு ராத்திரி டூட்டி என்றால் அவருக்குப் பகல். அவருக்குப் பகல் ஓய்வு கிடைத்தால் அவளுக்கு ஆள் பற்றாக்குறை என்று போன் வரும். பிள்ளையை வாசுதேவநல்லூரில் அவளுடைய அம்மாவிடம் விட்டிருந்தார்கள். பயிற்சிக்கு வந்தால் முதலில் பால் வாங்கியது, சிலிண்டர் மாற்றியது, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது என்று பேசித் தீர்ப்பார்கள். செங்கோட்டைக்காரர் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். கடைசியில், "சேச்சி, மதி மதி, போதும். பாடலாமா?" என்பார்.

அவர்கள் சொந்தமாகப் போட்ட பாட்டு அந்தப் பேச்சிலிருந்துதான் வந்தது. அவளே எழுதினாள்.

நீ வாற நேரம் நான் போற நேரம்
வாசப்படிதான் நமக்கு வீடு

இப்படித்தான் ஆரம்பிக்கும். முதல்முறை அவள் பாடிக் காட்டியபோது அவர் பெட்டியைத் தட்டவே இல்லை. தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். "தாளம் எங்கன எடுக்க?" என்று அவள் கேட்டதும்தான் கையைத் தூக்கினார்.

பின்னறையில் கனத்த போர்வைகளைத் தொங்கவிட்டு நானே பதிவு செய்தேன். கூடவே இன்னும் சில பாட்டுகள் சேர்ந்து ஒரு சி.டி. ஆனது. குற்றால அருவி சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையிலேயே வெளியிடுவது என்று முடிவு செய்தோம். செங்கோட்டைக்காரர் ஒரு போஸ்டர் அடித்துக் கொண்டுவந்து கண்ணாடிக் கதவில் ஒட்டினார். மூன்று பேர் முகமும் பெரிதாக இருந்தது. போலீஸ்காரர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "என் முகத்தைச் சின்னதாப் போட்டிருக்கலாம்," என்றார்.  கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு காலையில் அவரிடமிருந்து போன் வந்தது. பின்னால் தண்ணீர் இரைகிற சத்தம்.

"அக்கா, குத்தாலம் பேரருவில பாதுகாப்பு ஆர்ச்சத் தாண்டித் தண்ணி விழுது. குளிக்கத் தடை போட்டாச்சு. லீவு கேட்டிருந்தேன்லா, அதை ரத்து பண்ணிட்டாவ. விடியுறதுக்கு முந்தியே இங்கன வந்துட்டேன்."

"அப்ப தள்ளி வைப்போமா தம்பி?"

"வேண்டாம்க்கா. அவ லீவு போட்டிருக்கா. மறுபடி எங்க ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல எப்பக் கெடைக்கப் போவுது? நான் இல்லாம நடத்துங்க."

மனைவி வந்து சேர்ந்தபோது அவளுக்கும் விஷயம் தெரிந்திருந்தது. ராத்திரி டூட்டி முடித்து, சிறிது படுத்துவிட்டு வந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. கஹோனைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, "பாடிப்போம்க்கா," என்றாள். கோபமோ வருத்தமோ படுவதற்கும் தெம்பு வேண்டும்.

வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் சேர்களைப் போட்டு உட்கார்ந்தோம். வருவதாகச் சொன்ன கல்லூரிப் பிள்ளைகள் வரவில்லை. சாரல் பலத்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் குற்றாலத்துக்குப் போன வேன்கள் எல்லாம் திரும்ப ஆரம்பித்தன. மழைக்கு ஒதுங்க ஒரு வேன் எங்கள் கடை வாசலில் நின்றது. அதைப் பார்த்து இன்னொன்று. தலை நிறைய எண்ணெய் தேய்த்து, குளிக்க முடியாமல் திரும்பியவர்கள். தோளில் துண்டும் கையில் சோப்பு டப்பாவுமாக உள்ளே வந்தார்கள். பாட்டு வெளியீடு என்று அவர்களுக்குத் தெரியாது. சேர் கிடந்தது, உட்கார்ந்தார்கள்.

"மைக்கு இருக்குல்லா, ஒரு சினிமாப் பாட்டு எடுத்து விடும்மா," என்றார் ஒரு பெரியவர்.

"சினிமாப் பாட்டு பாடலீங்க. எங்க பாட்டு ஒண்ணு இருக்கு. கேக்கியளா?" என்றாள்.

பெரியவர் மழையைப் பார்த்தார். "சரி, வேற என்ன செய்ய. பாடு," என்றார்.

அவள் பாடினாள். தாளம் இல்லாததால் செங்கோட்டைக்காரர் கிடார்ப் பலகையை விரலால் தட்டிச் சமாளித்தார். முதலில் ஆட்கள் சத்தமாகப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். வாசப்படி என்ற வரி இரண்டாவது தடவை வந்தபோது பேச்சு குறைந்தது. முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு நடுத்தர வயதுப் பெண், எண்ணெய் வழிந்த நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "எங்க வீட்டு ஆளு பட்டாளத்துல இருக்காவ. வருஷத்துக்கு ஒருவாட்டிதான் வருதாவ. அந்தப் பாட்ட இன்னொருக்காப் பாடுதியாம்மா?" என்று கேட்டாள்.

அவள் திரும்பவும் பாட ஆரம்பித்தாள். அதற்குள் வாசலில் நனைந்துகொண்டு நின்றவர்களும் உள்ளே நெருங்கினார்கள். இத்தனை ஆட்களை என் கடை அதுவரை பார்த்ததில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். நான் தரையில் சொட்டுகிற தண்ணீரையும் அதில் கிடக்கிற மைக் வயரையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாட்டு பாதியில் இருந்தபோது ஜீப் வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து எஸ்.ஐ. இறங்கினார். பின்னாலிருந்து இறங்கியது எங்கள் போலீஸ்காரர். ரெயின்கோட்டில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சாலையில் போக்குவரத்து நின்றுவிட்டது என்று யாரோ போன் செய்திருக்கிறார்கள். பக்கத்தில் இருந்த ஜீப்பை அனுப்பிவிட்டார்கள்.

அவர் கதவருகே வந்து நின்றார். உள்ளே அவருடைய மனைவி அவர்கள் இருவருடைய பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். அவளும் அவரைப் பார்த்துவிட்டாள். குரல் ஒரு இடத்தில் பிசகியது, ஆனால் நிறுத்தவில்லை. 

எஸ்.ஐ. அவரைத் தாண்டி உள்ளே வந்தார்.

"யாரு கடைக்காரங்க? வளைவு வரைக்கும் வண்டி நிக்குது. ஒரு ஆம்புலன்ஸ் வந்தா எங்கன போவும்?"

நான் பதில் சொல்வதற்கு முன்பே அவள் பாட்டை நிறுத்தி மைக்கைக் கீழே வைத்துவிட்டாள். ஆம்புலன்ஸ் என்றதும் அவளுக்கு வேறு யோசனை இருக்காது. "சார் சொல்லுதது சரிதான். வண்டியள எடுத்துருங்க," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். ஆட்கள் முனகிக்கொண்டே எழுந்தார்கள்.

எஸ்.ஐ. திரும்பும்போது கதவில் இருந்த போஸ்டரைப் பார்த்தார். அப்புறம் பக்கத்தில் நின்ற போலீஸ்காரரின் முகத்தைப் பார்த்தார்.

"ஏலே, இது நீதானா?"

"ஆமாங்கய்யா."

"டிபார்ட்மெண்ட்ல பெர்மிஷன் வாங்கினியா?"

"இல்லீங்கய்யா."

"பாடுத புள்ள யாரு?"

"வீட்டுக்காரிங்கய்யா."

எஸ்.ஐ. காலியாகக் கிடந்த ஒரு சேரில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டு, "காலையிலேருந்து குளிக்காத, அங்கன போவாதன்னு கத்திக் கத்தித் தொண்ட போயிட்டு," என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னார். பிறகு எழுந்தார். "நாளைக்கு ஸ்டேஷன்ல வந்து எழுதிக் குடு. இப்ப ரோட்டச் சரி பண்ணு."

போலீஸ்காரர் வெளியே போய் விசிலடித்து வேன்களை ஒவ்வொன்றாக நகர்த்தினார். பட்டாளத்துக்காரரின் மனைவி போகிற போக்கில் ஒரு சி.டி. வாங்கினாள். போட்டுக் கேட்க வீட்டில் எதுவும் கிடையாது என்றும் அவளே சொன்னாள். சாலை காலியானதும் நர்ஸ் ஜீப்புக்குப் போனாள்.

"சாப்பிட்டியளா?"

"இல்ல."

விருந்தினர்களுக்கென்று வாங்கி வைத்திருந்த வடைகளைத் தாளில் சுற்றி ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். எஸ்.ஐ.க்கும் சேர்த்துத்தான். ஜீப் குற்றாலம் பக்கம் திரும்பிப் போனது. அவர்கள் இரண்டு பேரும் அந்த வாரத்தில் நேருக்கு நேர் பேசியது அவ்வளவுதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு அவருக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பதில் எழுதினார். அனுமதி கேட்டும் எழுதினார். காகிதம் எங்கெங்கோ போய்வந்தது. அனுமதி வரும் வரைக்கும் வாசிக்கக் கூடாது என்பதால் பயிற்சிக்கும் வரவில்லை. அவள் மட்டும் எப்போதாவது வருவாள். பாட மாட்டாள். கஹோன் மேல் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு டூட்டிக்குப் போவாள். செங்கோட்டைக்காரர், "வேற ஆள் வச்சு வாசிக்கலாமா?" என்று ஒருமுறை கேட்டார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவர் அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அந்த நாட்களில் கடையை விட்டுவிடலாமா என்று நான் நிறையத் தடவை யோசித்தேன். கணவரிடம் சொன்னேன். ஆலங்குளம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த அலுப்போடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "விட்டுட்டு என்ன செய்யப் போற?" என்று கேட்டார். குத்தலாக இல்லை, உண்மையாகவே கேட்டார்.  மறுநாள் போய்க் கடையைத் திறந்தேன்.

சீசன் முடிந்து, மழையும் ஓய்ந்து, சாலையில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் ஓடத் தொடங்கியபோது அனுமதி வந்தது. டூட்டிக்கு இடைஞ்சல் இருக்கக் கூடாது, சீருடையில் வாசிக்கக் கூடாது, அவ்வளவுதான். அதே சி.டி.யை மறுபடி வெளியிட்டோம். ஒரு வேலைநாளில் மத்தியானம். அன்றைக்குத்தான் இருவருக்கும் ஒன்றாக வாய்த்தது. போஸ்டர் எதுவும் அடிக்கவில்லை. பாதிச் சேர்கள் காலியாகவே இருந்தன. வந்தவர்களில் எஸ்.ஐ.யும் ஒருவர். சாதாரணச் சட்டையில் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

வாசப்படிப் பாட்டைத்தான் முதலில் பாடினார்கள். அன்றைக்குத்தான் அதைத் தாளத்தோடு நாலு பேர் முன்னால் கேட்டேன். ஒன்றும் பிசகவில்லை. நன்றாக இருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அடுத்த பாட்டுக்கு முன்னால் செங்கோட்டைக்காரர் கிடாரைச் சுதி சேர்க்க ஆரம்பித்தார். ஒரு கம்பி அடங்காமல் நேரம் எடுத்தது. அதற்குள் போலீஸ்காரர், பெட்டி மேல் உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். முந்தின ராத்திரி முழுக்க ரோந்து. வாய் லேசாகத் திறந்திருந்தது. செங்கோட்டைக்காரர் அவர் தோளைத் தொடப் போனார். அவள் கையை நீட்டித் தடுத்தாள். பிறகு மைக்கை அணைத்துவிட்டு, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு, மிச்சப் பாட்டுகளை மெதுவான குரலில் பாடினாள். கிடாரும் அதற்கேற்பத் தணிந்தது. வந்திருந்தவர்கள் சேர்களை முன்னால் இழுத்துப் போட்டுக் கேட்டார்கள்.

முடிந்ததும் கை தட்டப் போன ஒருவரை எஸ்.ஐ. சைகை காட்டி நிறுத்தினார். எல்லோரும் சத்தமில்லாமல் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போனார்கள்.

"எழுப்பட்டுமா?" என்று நான் கேட்டேன்.

"கெடக்கட்டும்க்கா. இன்னைக்கு ரெண்டு பேருக்கும் எங்கயும் போவ வேண்டாம்," என்றாள்.

வெயில் உள்ளே விழாமல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, டீ வாங்கி வரப் போனேன்.